ஏழாவது பாடம்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வீடுகளில் இந்த நாள்களில் ஒரே பரபரப்பு. பெட்டி வாங்கியாகிவிட்டதா, மருத்துவப் பரிசோதனைப் பாரத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டாரா, பிடிபிடிஎன் கல்விக்கடனுக்கு விண்ணப்பம் போனதா என்று அம்மாமார்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். வாளி, தலையணை உறை, துணி மாட்டும் கொக்கி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. முதல் செமஸ்டரில் எத்தனை பாடம் எடுப்பது என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவோம்.

சில வீடுகளில் விடாமல் யோசனை சொல்ல ஓர் ஆள் இருப்பார். என் அக்கா வீட்டில் அந்த ஆள் நான்தான். நான் சொன்ன யோசனையால் வந்த வினையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அக்கா மகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்கா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அத்தான் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவள் எஸ்டிபிஎம் எழுதி, தீவில் பட்டப்படிப்புக்கு இடம் வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பாடங்களைப் பதிவு செய்யும் வாரத்தில் கெலுகோரில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், கைப்பேசியில் பாடப்பட்டியலைக் காட்டினாள்.

"மாமா, அஞ்சு எடுக்கவா, ஆறு எடுக்கவா?"

"அதிகபட்சம் எவ்வளவு எடுக்க விடுவாங்க?"

"இருபத்தொரு கிரெடிட். ஏழு பாடம் வரும்."

"அப்போ ஏழையும் எடுத்துடும்மா. இந்த வயசுல உழைக்காம எப்போ உழைக்கிறது? ஆறு மாசம் முன்னாடி முடிச்சா அம்மாவுக்கு ஒரு கை ஆச்சு."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. மாமா வாத்தியார், தெரிந்துதான் சொல்வார் என்ற நம்பிக்கை. பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவிதான், "அவ தினமும் பட்டர்வொர்த்துல இருந்து வந்து போகணுமே" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

விடுதிக்குக் கட்டும் பணம் மிச்சம் என்று அவள் வீட்டிலிருந்தே போய் வந்தாள். காலையில் பெரி, அப்புறம் வெல்ட் கீயிலிருந்து பஸ். சாயங்காலம் அதே பாதை திரும்ப. சனி, ஞாயிறு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை. தீபாவளி நெருங்க நெருங்கக் கடையில் கூட்டம் கூடியது, நிற்கும் நேரமும் கூடியது. ஆறாவது, ஏழாவது வாரங்களில் எல்லாப் பாடங்களிலும் ஒரே நேரத்தில் சோதனை, கட்டுரை, குழுப் படைப்பு. ஒரு நாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது பஸ் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நின்றது. அன்றைக்கு ஒன்பது மணிக்கு அவளுக்கு ஒரு சோதனை. திரும்பி வந்து சேர்வதற்குள் எல்லோரும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

செமஸ்டர் முடிவு வந்தது. ஏழு பாடங்களில் ஒன்று பி மைனஸ், மூன்று சி பிளஸ், இரண்டு சி. அந்தச் சோதனையைத் தவறவிட்ட பாடத்தில் தோல்வி. சராசரிப் புள்ளி 1.95.

2.00 என்பது சாதாரண எண் இல்லை. அதற்குக் கீழே போகிற மாணவரைப் பல்கலைக்கழகங்கள் கண்காணிப்பில் வைக்கும். பிடிபிடிஎன் கடன் தொடர்ந்து வருவதற்கும் அதுதான் எல்லைக்கோடு. அவள் கோட்டிலிருந்து வெறும் 0.05 கீழே நின்றாள். கடன் பணம் நின்றது. அக்கா வளையலை அடகு வைத்தார். என்னிடம் சொல்லவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் பார்த்தபோது, வெறும் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டிருக்க வேண்டும்.

முதல் கணக்கு. தோற்ற பாடத்துக்கு மதிப்பு பூச்சியம். ஆனால் சராசரி எடுக்கும்போது அதன் கிரெடிட்டும் சேர்ந்துதான் வகுபடும். அவள் தேறிய ஆறு பாடங்களை மட்டும் கூட்டி ஆறால் வகுத்தால் 2.28 வருகிறது. அதாவது அந்த ஏழாவது பாடத்தை அவள் எடுக்காமலே இருந்திருந்தால், அல்லது உரிய நாளுக்குள் கைவிட்டிருந்தால், எல்லைக்கோட்டுக்கு மேலே இருந்திருப்பாள். கடன் நின்றிருக்காது. வளையல் கையில் இருந்திருக்கும். சீக்கிரம் முடிக்கட்டும் என்று நான் ஏற்றி வைத்த ஒரு பாடம், மற்ற ஆறையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டது.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியம். கிரெடிட் என்றால் என்ன? மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பு என்றுதான் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பின்படி 1 கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, டுடோரியல், ஆய்வுக்கூடம், சொந்தமாகப் படிப்பது, கட்டுரை எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது, தேர்வு எழுதுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். 14 வாரம், வாரத்துக்கு 3 மணி வகுப்பு என்றால் 42 மணிதான் ஆகிறது. மீதி 78 மணி நேரம் வகுப்புக்கு வெளியே மாணவர் தானே போட வேண்டிய உழைப்பு. அட்டவணையில் அது தெரியாது. அதனால்தான் முதலாண்டுப் பிள்ளைகள் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நிறைய நேரம் காலியா இருக்கே" என்று ஏமாந்து போகிறார்கள்.

21 கிரெடிட்டுக்கு 840 மணி நேரம். வகுப்பு, இடைவிடுமுறை, தேர்வு எல்லாம் சேர்த்து ஒரு செமஸ்டரை 18 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 47 மணி. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டு வேலைச் சட்டம் ஒரு தொழிலாளியின் வார வேலை நேரத்தை 48-இலிருந்து 45-ஆகக் குறைத்திருக்கிறது. அக்காவின் தொழிற்சாலைக்கே சட்டம் 45 மணிக்கு மேல் சாதாரண வேலை நேரமாக வைக்க இடம் தரவில்லை. அக்கா மகளுக்கு நான் 47 மணி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் அவளுடைய துணிக்கடை வேலையைச் சேர்க்காமல்!

கிரெடிட் கணக்கின் பிறப்பும் வேடிக்கையானது. அமெரிக்காவில் 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். எந்தக் கல்லூரியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்ய, படிப்பை அளக்க ஓர் அலகு தேவைப்பட்டது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை வைத்து அலகு பிறந்தது. அதன் வழிவந்த முறைகள்தான் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி, ஆண்டுக்கு 60 கிரெடிட். ஆகவே அங்கே படிக்கும் உறவுக்காரப் பையன் செமஸ்டருக்கு 30 எடுக்கிறானே, நீ ஏன் 15 என்று யாரும் கேட்க வேண்டாம். கிலோவையும் காட்டியையும் ஒப்பிடுகிற கதை அது.

மூன்றாவது கணக்கு 168. ஒரு வாரத்தில் அத்தனை மணி நேரம்தான் இருக்கிறது, பணக்காரனுக்கும் ஏழைக்கும். அக்கா மகளின் வாரத்தை அதில் அடைத்துப் பார்த்தேன். படிப்பு 47. நாளைக்கு 7 மணி தூக்கம் என்றால் 49. ஏழு நாளும் போக வர நாளைக்கு 3 மணி என்று 21. கடையில் இரண்டு நாளுக்கு 20. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, அம்மா ஷிப்டுக்குப் போனால் தம்பிக்குச் சமைப்பது, இதற்கெல்லாம் நாளைக்கு 4 மணி என்று 28. கூட்டினால் 165. வாரத்துக்கு 3 மணி நேரம் மிச்சம். அந்த மூன்று மணிக்குள் அவள் காய்ச்சலில் படுக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், தோழியோடு சிரிக்க வேண்டும், பஸ் தாமதமானால் அதையும் அதிலேயே கழிக்க வேண்டும். அவள் சோம்பேறியாக இருந்ததால் தோற்கவில்லை. அந்த வாரத்தில் இடமே இல்லை.

அதே வாரத்தில் 15 கிரெடிட் வைத்துப் பாருங்கள். 600 மணி, 18 வாரத்துக்கு வகுத்தால் ஏறத்தாழ 33. மிச்சம் 17 மணி நேரம். மூச்சு விடலாம்.

"ஐந்து ஐந்தாக எடுத்தால் எப்போது முடிப்பது?" என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தபட்சம் 120 கிரெடிட். எட்டு செமஸ்டருக்குப் பங்கிட்டால் செமஸ்டருக்குச் சரியாக 15. நான்கு வருடப் படிப்பு நான்கு வருடத்தில் முடிகிறது, அவ்வளவுதான். மூன்று வருடத்தில் ஆறு செமஸ்டர் என்றால் 20 வரும். அது முழு நேர வேலை. கூடவே இன்னொரு வேலை பார்க்க முடியாது. சில படிப்புகளுக்கு 120-க்கு மேலும் வேண்டும். சில தனியார் கல்லூரிகளில் பாடங்களை அவர்களே அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். எதுவானாலும் மொத்தத்தை முதலில் எழுதி, பின்னாலிருந்து வகுத்துக்கொண்டு வாருங்கள்.

இனி, பதிவு செய்யும் வாரத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய சில வேலைகள்.

முதலில் 168 கட்டம் போட்டு, உண்மையில் வாழ்கிற வாரத்தை அதில் எழுதுங்கள். ஆசைப்படுகிற வாரத்தை எழுதக்கூடாது. பெரிக்குக் காத்திருக்கும் நேரமும் நேரம்தான். எல்லாம் எழுதிய பிறகு படிப்புக்கு எத்தனை மணி மிஞ்சுகிறதோ, அதற்கேற்ற கிரெடிட்டை எடுங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் கடை நேரத்தைக் குறைக்க வேண்டும். தூக்கத்தில் கை வைக்கக்கூடாது.

அடுத்து, பாடங்களைக் கலந்து எடுங்கள். கணக்கு, ஆய்வுக்கூடம் உள்ள கனமான பாடங்களை ஒரே செமஸ்டரில் குவிக்க வேண்டாம். தத்துவமும் நடப்பு விவகாரங்களும், நன்னெறியும் நாகரிகமும் போன்ற கட்டாயப் பொதுப்பாடங்கள் எப்படியும் முடிக்க வேண்டியவை. அவற்றைக் கனமான பாடங்களுக்கு நடுவே ஒன்றொன்றாக வைத்தால் சுமை சீராகும். ஆனால் பொதுப்பாடம்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதன் புள்ளியும் சராசரியில் சேரும்.

எந்தப் பாடம் எதற்கு முன்படி என்று பாருங்கள். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். அதில் தோற்றால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும், அதற்கு மேலே உள்ள பாடமும் காத்திருக்கும். அக்கா மகளுக்கு அதுதான் நடந்தது. ஆறு மாதம் மிச்சப்படுத்தப் போய் ஒரு வருடம் நின்றோம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவுரையாளர் முதல் வாரத்தில் ஒரு திட்டத்தாள் கொடுப்பார். எந்த வாரம் சோதனை, எந்த வாரம் கட்டுரை என்று அதில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் 14 வாரமாக எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு வாரத்தில் நான்கு, ஐந்து மோதினால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தீபாவளி எந்த வாரத்தில் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாடத்தைச் சேர்க்கவும் கைவிடவும் குறித்த நாள்களைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கல்விக்கழகத்துக்கும் நாள் மாறும். உரிய காலத்துக்குள் முறையாக விட்ட பாடம் சராசரியைத் தொடாது. விடாமல் தோற்ற பாடம் இழுத்துவிடும். ஆனால் விடுவதற்கு முன் ஒன்று: முழுநேர மாணவர் என்ற தகுதிக்கும் கல்விக்கடனுக்கும் குறைந்தபட்சம் எத்தனை கிரெடிட் வேண்டும் என்று கேட்டுவிட்டு விடுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறார். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கல்வி ஆலோசகரை ஒதுக்குவார்கள். நம் பிள்ளைகள் அவர் அறைக் கதவைத் தட்டக் கூச்சப்படுகிறார்கள். பெயிலான பிறகு போய் நிற்பதைவிட, பதிவுக்கு முன் போய் நிற்பது கௌரவம்.

அக்கா மகளிடம் கேட்டேன், "அஞ்சாவது வாரமே முடியலைன்னு தெரிஞ்சிருக்கும்ல, ஏன் ஒண்ண விடலை?"

"நீங்கதானே மாமா ஏழும் எடுக்கச் சொன்னீங்க. விட்டா, இவளால முடியலைன்னு நினைப்பீங்களேன்னு..."

அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவளிடம் நான் சொல்லாமல் மறைத்த கதை ஒன்று உண்டு. பினாங்கில் 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1971-லேயே வேலை பார்ப்பவர்களுக்காகத் தொலைக்கல்வியைக் கொண்டுவந்தது. மின்டன் வளாகத்துக்கு வெளியே இருந்துகொண்டே ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள் என்று எத்தனையோ பேர் அதில் பட்டம் வாங்கினார்கள். அவர்களில் நானும் ஒருவன். பகலில் தமிழ்ப்பள்ளியில் பாடம், இரவில் மண்ணெண்ணெய் வாசம் வரும் வாடகை அறையில் படிப்பு. முடிக்க எனக்கு ஏழு வருடம் ஆனது. நடுவில் தம்பி கல்யாணம் வந்த வருடம் இரண்டே பாடம்தான் எடுத்தேன். யாராவது கேட்டால் எந்த ஆண்டு பட்டம் வாங்கினேன் என்று மட்டும் சொல்வேன், எந்த ஆண்டு சேர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். மெதுவாகப் படித்ததை ஒரு குறையாக நினைத்து மறைத்தவன், அவளை வேகமாக ஓடு என்று விரட்டியிருக்கிறேன். ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் உள்ள வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இன்றும் எத்தனையோ குடும்பஸ்தர்கள் வேலை பார்த்தபடி படிக்கிறார்கள். பட்டச் சான்றிதழில் எத்தனை வருடம் ஆனது என்று யாரும் அச்சடிப்பதில்லை.

அந்தக் கதையை அன்றுதான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த செமஸ்டரில் நான்கே பாடம், 12 கிரெடிட். ஆலோசகரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். இரண்டு பி பிளஸ், இரண்டு பி. அந்த செமஸ்டருக்கு 3.17, மொத்தம் 2.39. கடன் மறுபடியும் வந்தது. முதல் செமஸ்டர் ஓட்டையை அடைக்க அவளுக்கு அதற்குப் பிறகும் நெடுநாள் பிடித்தது. முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனை நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்கிறார்கள். அந்த வாய்ப்பு அவளுக்கு முதல் செமஸ்டரிலேயே கை நழுவிவிட்டது. இப்போது கடைசி ஆண்டு. வளையலை அக்கா மீட்டுவிட்டார்.

இந்த வருடம் தம்பிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. செய்தி சொல்ல அவள்தான் போன் செய்தாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு, "எத்தனை பாடம் எடுக்கிறானாம்?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"மாமா, அவன்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நூத்தி அறுபத்தெட்டு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கேன். நிரப்பிட்டு இருக்கான்."

அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.